முடிவு ஒருவருடையது, விலை யாருடையது?

(குத்தாலத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கதையிலும் சினிமாவிலும் வரும் மனிதர்களை எப்படிப் புரிந்துகொள்வது என்று பேசச் சொன்னார்கள். கதை எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. ஒருவர் நல்லவர், கெட்டவர் என்று எழுத்தாளர் சொல்லக் கூடாது. அவரை ஒரு நெருக்கடியில் நிறுத்தி, என்ன முடிவெடுக்கிறார் என்று காட்ட வேண்டும். அந்த முடிவிலேயே அவர் யார் என்று தெரிந்துவிடும்.

சரியான பாடம்தான். ஆனால் சாதி உள்ள ஊரில் அது பாதிப் பாடம். ஒரே முடிவுக்கு இங்கே எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. ஒருவர் எடுக்கும் முடிவுக்கு இன்னொருவர் விலை கொடுப்பதும் உண்டு. ஆகவே, ஒரு கதையைப் படிக்கும்போது முடிவெடுத்தவர் யார் என்று பார்ப்பதோடு, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

எல்லோரும் பார்த்த ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன். 1992ல் வந்த 'தேவர் மகன்'. லண்டனில் படித்துவிட்டு ஊருக்கு வரும் சக்திவேல், ஓட்டல் தொழில் செய்யப் போவதா, ஊரிலேயே தங்குவதா என்று திண்டாடுகிறான். கடைசியில் அப்பாவின் இடத்தில் உட்காருகிறான். அவனுடைய குணம் அந்த முடிவில் வெளிப்படுகிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஆனால் அதே படத்தில், பூட்டிக் கிடக்கும் கோயிலைத் திறக்க ஆசைப்படுவதும் சக்திதான். பூட்டை உடைப்பது வேலைக்காரர் இசக்கி. வெட்டப்படுவது இசக்கியின் கை. சக்தியின் ஆசை, இசக்கியின் கை. படம் சக்தியின் வருத்தத்தைப் பின்தொடர்ந்து போகிறது. கை போனவர் என்ன நினைத்தார், இனி எந்த வேலை செய்து பிழைப்பார் என்று நின்று கேட்பதில்லை. முப்பது ஆண்டு கழித்து, அதே வடிவேலுவை வைத்து 2023ல் மாரி செல்வராஜ் 'மாமன்னன்' எடுத்தார். அதில் அவர் சட்டமன்ற உறுப்பினர். ஆனாலும் கட்சியின் ஆதிக்கச் சாதிக்காரர் முன்னால் நாற்காலியில் உட்காருவதா, நிற்பதா என்பதுதான் அவர் முன்னால் இருக்கும் கேள்வி. வேறொருவருக்கு அது முடிவே கிடையாது, வெறும் உட்காருதல். அந்த ஓர் இருக்கையின் விலை என்ன என்று காட்டுவதற்குத்தான் முழுப் படமும் தேவைப்படுகிறது.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். காவிரிக் கரை இலக்கியம் என்றதும் தி. ஜானகிராமன் பெயரைச் சொல்வார்கள். 'அம்மா வந்தாள்' நாவலில் அலங்காரம் தன் வாழ்க்கைக்கான பரிகாரமாக மகன் அப்புவை வேத பாடசாலைக்கு அனுப்புகிறாள். அம்மாவின் முடிவு, மகன் கொடுக்கும் விலை. மனித மனத்தை நுட்பமாகப் பார்த்த எழுத்து, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்ரஹாரத்து வீடுகளில் பொங்கிய சோற்றுக்கு நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள், களத்தில் நெல் தூற்றியவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று தேடினால், பக்கங்களில் அவர்கள் அபூர்வமாகத்தான் தென்படுகிறார்கள். வயலில் வேலை செய்பவருக்கு வேலை மட்டும் இருந்தது, முடிவெடுக்கும் மனம் இருந்ததாகவே இலக்கியம் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை.

உண்மையில் அவர்கள் முடிவெடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த பண்ணைகளில், 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து சங்கம் கட்டியபோது, செங்கொடியைக் கையில் எடுத்தது ஒரு முடிவு. அந்த முடிவுகளின் அழுத்தத்தில்தான் 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

குத்தாலத்திலிருந்து தென்கிழக்கே போனால் திருவாரூர், அதைத் தாண்டிக் கீழ்வேளூர், அந்தப் பக்கம்தான் வெண்மணி. அங்கே கூலித் தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. நில உடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து, செங்கொடியை இறக்கு என்றார்கள். இறக்க மாட்டோம் என்று சேரி மக்கள் முடிவெடுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, ராமையாவின் குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

இந்தக் கொடுமையை முதலில் நாவலாக்கியவர்களில் ஒருவர் இந்திரா பார்த்தசாரதி. 1975ல் வந்த 'குருதிப்புனல்' 1977ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பலர் வாய்மூடி இருந்தபோது அதை எழுதினார் என்பதை மதிக்கிறேன். ஆனால் அதில் வரும் பண்ணையார் கண்ணையா நாயுடு ஏன் அப்படி நடந்துகொள்கிறார்? அவருடைய ஆண்மைக் குறைபாடும், அதனால் மனதில் சேர்ந்த அவமானமும் காரணமாகக் காட்டப்படுகின்றன. நாவல் வந்த காலத்திலேயே இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

காரணம் இதுதான். உடற்குறையும் மனநோயும் உள்ள ஒரு தனிமனிதர் எடுத்த முடிவு என்று சொன்னால், குறையில்லாத பண்ணையார் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று ஆகிறது. வெண்மணியில் நடந்தது அப்படியா? உடல்நலத்தோடும் குடும்பத்தோடும் கோயில் மரியாதையோடும் இருந்த பலர் ஒன்றாகச் சங்கம் வைத்து, கூட்டம் போட்டுப் பேசி எடுத்த நிலைப்பாடு அது. நமக்குக் கூலி கேட்கும் தகுதி இந்தச் சாதிக்கு எப்போது வந்தது என்ற கோபம் அதில் இருந்தது. அந்தக் கோபத்துக்கு நோய் தேவையில்லை, சாதி போதும். நாவலை முடிக்கும் வாசகர் மனதில் நாயுடுவின் நோய் நிற்கிறது. கொடியை இறக்க மறுத்தவர்களின் துணிவு பின்னால் போய்விடுகிறது.

இது வெறும் இலக்கியச் சண்டை என்று நினைக்க வேண்டாம். மனிதர்களின் குணத்தைப் படிக்கும் வேலையை நாவலாசிரியர் மட்டும் செய்வதில்லை, நீதிபதியும் செய்கிறார். 1970ல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று இன்றுவரை பேசப்படுகிறது. நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள், தாங்களே நேரில் நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அது எழுதியது. அதே இரவில் உடைமையாளர் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

தோழர்களே, நம் தலைப்பை இந்தத் தீர்ப்போடு வைத்துப் பாருங்கள். ஒரு மனிதர் என்ன செய்தார் என்பதிலிருந்து அவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நீதிமன்றம் அதைத் தலைகீழாகச் செய்தது. அவர் யார் என்பதிலிருந்து, என்ன செய்திருக்க மாட்டார் என்று முடிவுகட்டியது. பெரிய மனிதர் என்றால் நல்ல குணம், சேரிக்காரர் என்றால் கலகம் செய்யும் குணம் என்று கதைகளும் சினிமாவும் காலங்காலமாக நமக்குப் பழக்கிய கண் அது. அந்தக் கண்ணோடு நீதிமன்றத்தில் உட்கார்ந்தால் இப்படித்தான் தீர்ப்பு வரும். ஆகவே கதையில் குணத்தை எப்படிக் காட்டுகிறோம் என்பது, 44 பேரின் சாவுக்கு நியாயம் கிடைக்குமா கிடைக்காதா என்பதோடு சம்பந்தப்பட்டது.

அப்படியானால் சரியாகக் காட்டியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். 2019ல் வந்த 'அசுரன்', பூமணியின் 'வெக்கை' நாவலை வைத்து எடுக்கப்பட்டது. அதில் சிவசாமி, மகனை மீட்பதற்காக ஊரில் வீடு வீடாகப் போய்க் காலில் விழுகிறார். இளைய மகனுக்கு அப்பா ஒரு கோழையாகத் தெரிகிறார். பார்வையாளருக்கும் அப்படித்தான். பிறகு பழைய கதை விரிகிறது. குடிசைகளோடு குடும்பத்தைப் பறிகொடுத்தவர் அவர் என்று தெரிகிறது. டெல்டாக்காரர் எவருக்கும் அந்த நெருப்பைப் பார்த்ததும் வெண்மணி நினைவுக்கு வரும். காலில் விழுந்தது கோழைத்தனம் என்று நினைத்த நாம் வெட்கப்படுகிறோம். எதிர்த்து நின்றால் என்ன விலை என்று ஒருமுறை கொடுத்துப் பார்த்தவர், இன்னொரு பிள்ளைக்காக எடுத்த முடிவு அது.

ஆதிக்கச் சாதி மனிதரை வைத்து எழுதப்பட்டதற்கு இமையத்தின் 'பெத்தவன்' ஓர் எடுத்துக்காட்டு. தலித் இளைஞரை விரும்பிய மகள் பாக்கியத்தைக் கொன்றுவிடு என்று ஊர்க்கூட்டம் பழனிக்கு உத்தரவு போடுகிறது. சரி என்று ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, இரவில் மகளை அனுப்பிவைத்துவிட்டுத் தான் விஷம் குடிக்கிறார். அவரை இமையம் புரட்சிக்காரராக ஆக்கவில்லை. சாதிப் பற்றை முழுதாக உதறியவராகவும் காட்டவில்லை. பெற்ற பாசத்துக்கும் ஊர்க் கட்டளைக்கும் நடுவில் நிறுத்துகிறார். சாதியை மீறினால் சொந்தச் சாதிக்காரரிடமும் அது உயிரையே விலையாகக் கேட்கும் என்று அங்கே தெரிகிறது. இந்த விலைப்பட்டியலை எழுதி வைத்தது யார் என்று வாசகர் கேட்காமல் இருக்க முடியாது. கண்ணையா நாயுடுவுக்கும் பழனிக்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஒரு பாத்திரத்தைப் படித்தால் ஒரு நோயாளி தெரிகிறார். இன்னொரு பாத்திரத்தைப் படித்தால் ஊரே தெரிகிறது.

இங்கே கதை எழுதும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். செல்போனில் குறும்படம் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதையில் முடிவெடுக்கும் உரிமை யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? அந்த முடிவுக்கு விலை கொடுப்பவர் முகம் கதையில் தெரிகிறதா? ஒடுக்குபவரின் செயலுக்கு நோய், குடி, கெட்ட சகவாசம் என்று காரணம் தேடும்போது சாதியைத் தப்பவிடுகிறீர்களா?

வெண்மணியைத் தொழிலாளர் பக்கமிருந்து சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' நாவலில் எழுதினார். பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் எடுத்தார். இன்னும் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. 44 பேரை எரிந்து போனவர்களாக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். எரிவதற்கு முன் அவர்கள் முடிவெடுத்தவர்கள். அரைப்படி நெல் கேட்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். கொடியை இறக்கினால் வேலை கிடைக்கும், இறக்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பயந்திருப்பார்கள், வீட்டுக்குள் சண்டை போட்டிருப்பார்கள், பிறகு இறக்க வேண்டாம் என்று நின்றிருக்கிறார்கள். அந்தப் பேச்சை, அந்தப் பயத்தை, அந்த முடிவை எழுதுங்கள். நடவு வயலில் குனிந்து நின்ற பெண்ணுக்கும் ஒரு மனம் இருந்தது, அந்த மனம் 'மாட்டேன்' என்று சொன்னது என்று நம் பிள்ளைகள் கதையில் படிக்கட்டும்.