திரைக்குப் பின்னால் ஒரு சுவர்

2020 ஊரடங்கில் தாம்பரம் பக்கம் எத்தனையோ படுக்கையறைகள் அலுவலகமாயின. மேஜையில் இடம் போதாமல், மானிட்டரைச் சுவரில் மாட்டலாமே என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். தாராளமாக மாட்டலாம்.

முதலில் மானிட்டரின் முதுகைப் பாருங்கள். 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். இதுதான் வெசா அளவு. துளையே இல்லாத மானிட்டரும் உண்டு. அடுத்தது எடை. மானிட்டரைத் தாங்கும் கை கேஸ் ஸ்பிரிங் வைத்தது என்றால், அதற்குக் குறைந்தபட்ச எடையும் தேவை. திரை அதைவிட லேசாக இருந்தால் தானாக மேலே ஏறிவிடும்.

எனக்குப் பெரிய கவலை சுவரைப் பற்றித்தான். சேலையூர் பக்கத்துப் பழைய வீடு என்றால் பெரும்பாலும் செங்கல். துளை, பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் நன்றாக இறங்க வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் ஒருநாள் கழன்றே தீரும். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்துப் புதிய அடுக்குமாடியா? ஏஏசி கல்லாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது மென்மையான கல். டிரில்லில் ஹேமரை நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள், அதற்கென்றே விற்கும் பிளக்கைப் போடுங்கள். கையை முழுதாக நீட்டும்போது மேல் திருகுதான் அதிகம் இழுபடும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ துளை வேண்டவே வேண்டாம். உள்ளே வயர் ஓடும்.

டிரில்லை எடுக்குமுன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் உயரத்தைப் பென்சிலால் குறியுங்கள். திரையின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்கட்டும்.