ஸ்பேர் இல்லாத காடு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சிவில் படிச்சவன் பறவையைப் பத்தி என்னப்பா பேசப் போறே?" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். பறவையோடு சேர்த்து, நாம் போடும் கையெழுத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பூந்தமல்லி பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷெட் போட வரைபடம் தயாரித்தேன். இடத்தில் ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. "அகற்றப்படும், பதிலாக 10 கன்றுகள் நடப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போன வருடம் அங்கே போனேன். கன்றுகளில் நான்கு பிழைத்திருந்தன. முன்பு சாயங்காலம் ஆலமரத்தில் காது கிழியக் கத்தும் மைனாக்களைக் காணோம். "அதுங்க திருமழிசைப் பக்கம் போயிருக்கும் சார்" என்றார் வாட்ச்மேன். போயிருக்கலாம். மைனாவுக்குப் போக இடம் உண்டு.

போக இடமே இல்லாத ஒரு பறவையும் நம் நாட்டில் இருக்கிறது. நிக்கோபார் மெகபோட். நிக்கோபார் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பார்க்க நம்ம ஊர்க் கோழி மாதிரி, பழுப்பு நிறம், கால் மட்டும் பெரிசு. அது அடைகாப்பதில்லை. கடலோரக் காட்டில் மணலையும் சருகையும் காலால் சீய்த்து மேடு கட்டி, அதற்குள் முட்டையைப் புதைக்கும். சருகு மக்கும் சூட்டில் குஞ்சு பொரிந்து, தானே தோண்டிக்கொண்டு வெளியே வரும். கரண்ட் இல்லாத இன்குபேட்டர்! ஆனால் அதற்குக் கரையும் வேண்டும், கரையை ஒட்டிய காடும் வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கரையைத்தான் அடித்துப் போனது. கோவை சாலிம் அலி மையத்தின் ரவி சங்கரன் 1990-களில் எடுத்த கணக்கோடு 2006 கணக்கை ஒப்பிட்டால், கடலோரத்தில் முட்டையிடும் ஜோடிகள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தன.

அந்தத் தீவுகளில் பெரியது கிரேட் நிக்கோபார், சுமார் 910 சதுர கி.மீ. அங்கே துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் அமைக்க 2022-ல் அனுமதி தரப்பட்டது. துறைமுகம் வரும் கலத்தியா விரிகுடா முன்பு சரணாலயம். 2021-ல் அந்தத் தகுதி நீக்கப்பட்டது. திட்டத்துக்கு 130 சதுர கி.மீ. காடு வேண்டும். நாடாளுமன்றத்தில் 2023-ல் சொன்ன கணக்குப்படி 9.64 லட்சம் மரங்கள். ஈடாகக் காடு வளர்க்கக் குறித்த இடம் ஹரியானா!

மலாக்கா ஜலசந்திக்கு அருகே துறைமுகம் வேண்டும் என்பதற்குக் காரணங்கள் உண்டு. இன்ஜினியரான நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். மெகபோடுக்காக மென்சால் என்ற குட்டித் தீவில் 2022-ல் ஒரு சரணாலயமும் அறிவித்தார்கள். ஆனால் ஹரியானாவில் எத்தனை கன்று நட்டாலும் அதில் ஒரு மெகபோட் கூட மேடு கட்டாது. காட்டை நம்பி வாழும் ஷோம்பென் மக்களும் அங்கே குடிபோக முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷினில் பேரிங் போனால், சாயங்காலத்துக்குள் ஸ்பேர் வாங்கி மாட்டிவிடலாம். தீவுக் காட்டுக்கு ஸ்பேர் கிடையாது.

தம்பிகளே, தங்கைகளே, நாளை உங்கள் மேஜைக்கும் வரைபடம் வரும். "ஈடாக இத்தனை கன்றுகள்" என்ற வரியும் இருக்கும். பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே இருப்பது எங்கே போகும்?" பதில் இல்லையென்றால், வரைபடத்தை இன்னொரு தடவை போடுங்கள். இடத்தை மாற்ற முடியுமா, அளவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். நமக்கு அழிரப்பர் கொடுத்ததே அதற்குத்தான்.

நான் அன்று கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.