இரவு இரண்டு மணிக் கணக்கு



1987 ஒக்டோபர் 21, 22 ஆகிய நாட்களில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் கொல்லப்பட்ட வைத்தியர்களையும் தாதியரையும் ஊழியர்களையும் நினைக்காமல், இந்த நகரில் வைத்தியசாலை பற்றிப் பேசத் தொடங்க எனக்கு மனம் வருவதில்லை. ஊர் வெறிச்சோடிய வேளையிலும் கடமைக்கு வந்து நின்றவர்கள் அவர்கள். நான் இன்று பேசப்போவதும், நின்றவர்களைப் பற்றியும் நிற்க முடியாமல் போனவர்களைப் பற்றியும்தான்.

எங்கள் ஆய்வரங்கின் தலைப்பில் 'மீளமைப்பு', 'தரமுயர்த்தல்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டாவது சொல் எங்களுக்கு நல்ல பழக்கம். பிரதேச வைத்தியசாலை ஒன்று ஆதார வைத்தியசாலையாகத் தரமுயர்த்தப்படும். வாசலில் வாழை கட்டுவோம், நாடா வெட்டுவோம், பலகை மாற்றுவோம், பத்திரிகையில் படமும் வந்துவிடும். அடுத்த கிழமை பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இரவில் வந்தால், முன்பு போலவே யாழ்ப்பாணத்துக்கு ஏற்றி அனுப்புவோம். இப்படியான பலகைகள் திறக்கும்போது கை தட்டியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இதை வேறு யாரையும் குறை சொல்வதாக எடுக்கவேண்டாம்.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ஒரு கிழமையில் 168 மணித்தியாலம். ஒருவர் கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால், ஒரே ஒரு கடமையிடத்தை இரவுபகலாக நிரப்ப நாலு பேருக்கு மேல் தேவை. லீவு, காய்ச்சல், பயிற்சி, பிள்ளையின் பரீட்சை என்று சேர்த்தால் ஐந்து பேர். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை எடுக்க மகப்பேற்று நிபுணர் மட்டும் போதாது. மயக்கமருந்து கொடுப்பவர், பிறந்த பிள்ளையைப் பார்ப்பவர், சத்திரசிகிச்சைக்கூடத் தாதி, இரத்தம், மின்பிறப்பாக்கி, அதை இயக்கத் தெரிந்தவர், கருவிகளைக் கிருமிநீக்கும் சிற்றூழியர் எல்லாரும் எல்லாமும் ஒரே வேளையில் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடம் பூட்டுத்தான். காலை பத்து மணிக்கு அமைச்சர் வந்து பார்க்கும்போது எல்லாம் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

தொண்ணூறுகளின் தொடக்கம், பொருளாதாரத் தடைக் காலம். நான் வேலை செய்த சிறிய வைத்தியசாலையில் மின்சாரம் இல்லை, விடுதிக் கூரையில் பாதி இல்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஜாம் போத்தல் விளக்கில் ஊற்றுவோம். கத்தரிக்கோலை விறகடுப்பில் அவிப்போம். ஆனாலும் அங்கே பிள்ளைகள் பிறந்தார்கள். வளவுக்குள் இருந்த குவாட்டர்ஸில் ஒரு மருத்துவமாது குடியிருந்ததே காரணம். கதவில் தட்டினால் அம்மா எழும்பி வருவார் என்பது ஊருக்குத் தெரியும். யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு அதே வளவுக்குப் போனேன். ஓடு மாற்றி, மாபிள் பதித்து, பளபளவென்று இருந்தது. பிரசவ விடுதியில் மருந்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். கட்டடத்துக்குக் காசு வந்தது, குவாட்டர்ஸுக்கு வரவில்லை. அதன் சுவரில் ஆலமரம் முளைத்திருந்தது. புதிதாக நியமனம் பெற்று வருபவர்கள் மாலை நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? தங்க இடம் கொடுக்காமல் தங்கச் சொன்னது நாங்கள்.

இந்தச் சிக்கலை எங்களுக்கு முன்பே ஒருவர் இதே மண்ணில் கண்டுகொண்டார். அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்திலிருந்து 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த வருடமே மானிப்பாயில் வைத்தியம் பார்க்கவும் மாணவர்களைப் பயிற்றவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். அப்படிப் படித்தவர்களுக்கு ஆகும் செலவும் அவர்களுக்கு உண்டாகும் எதிர்பார்ப்பும் பெரிது. கிராமத்தில் குடியிருந்து, கிராமத்தவர் கொடுப்பதில் சீவிப்பார்கள் என்று நம்பமுடியாது என்று அவர் எண்ணினார். அதனால் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அதற்காக உடற்கூற்றியல், மகப்பேறு, சத்திரசிகிச்சை என்று ஒவ்வொன்றாக நூல்களைத் தமிழாக்கினார். இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார். அந்தச் சொல் நிலைக்கவில்லை, ஆனால் துணிச்சலான சொல். அவரிடம் படித்து வெளியேறியவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

கிறீனைத் தமிழ்த்தொண்டராக மட்டும் கொண்டாடி முடித்துவிடுகிறோம். அவருடைய தமிழ்வழிக் கல்வி ஓர் ஆளணித் திட்டமும்கூட என்பதை நாங்கள் பேசுவதில்லை. யாரைப் படிப்பித்தால் ஊரில் நிற்பார் என்று கேட்டு, பாடத்திட்டத்தை அதற்கேற்பத் திருப்பினார். இன்றைக்கு அதே விடை பொருந்தாது. வைத்தியப் படிப்பைத் தமிழுக்கு மாற்றினால் வன்னியில் வைத்தியர் நிரம்புவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய கேள்வி பொருந்தும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்களும் தாதியரும் விமானம் ஏறினார்கள் என்பதை உங்கள் ஒவ்வொருவரின் உறவினர் பட்டியலிலும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு விடயம். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. அது உயிர் காத்த சேவை, மறுபேச்சில்லை. ஆனால் அருகிலுள்ள வைத்தியசாலையில் ஆளில்லாவிட்டால், வண்டி அதன் வாசலைத் தாண்டித்தான் ஓடவேண்டும். நோயாளர் வராத இடத்துக்கு ஆளணி கேட்க முடியாது, ஆளணி இல்லாத இடத்துக்கு நோயாளர் வரமாட்டார்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் ஒரு கட்டிலுக்கு அடியில் இன்னொருவர் பாய் விரித்துப் படுப்பதன் காரணத்தை அந்த வைத்தியசாலைக்குள் தேடிப் பயனில்லை.

2024 ஜூலையில், நிர்வாகப் பிணக்கு ஒன்றின்போது, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை முன்பாக மக்கள் கூடினார்கள். அந்தப் பிணக்கில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பது இந்த அரங்கின் வேலை அல்ல. ஆனால் தங்கள் ஊர் வைத்தியசாலையில் எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று சனம் தெருவில் நின்று பேசியது எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தகவல் தெருவுக்கு வராமலே அவர்களுக்குக் கிடைத்திருக்கவேண்டும். ஒவ்வொரு வைத்தியசாலை வாசலிலும் இன்றிரவு கடமையில் இருப்போர் எவரெவர் என்று ஒரு சாதாரண கரும்பலகையில் எழுதிவைக்கலாம் என்பது என் யோசனை. சோக்குக்கட்டிச் செலவுதான்.

இந்த இரண்டு நாளும் வாசிக்கப்படும் கட்டுரைகளில் சதுர அடியும் கோடி ரூபாயும் நிறைய வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த இரவு இரண்டு மணிக் கேள்வியை யாராவது எழும்பிக் கேளுங்கள். நான் கேட்டால் தலைவர் குறுக்கிடுகிறார் என்பார்கள்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம். முதலாவதாகப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரை இருந்தது; அவர் பெரிய மனதுடன் பின்னுக்குப் போகச் சம்மதித்துவிட்டார். நெடுந்தீவிலிருந்து வந்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தர் பேசி முடித்து, குறிகாட்டுவானில் பிற்பகல் படகைப் பிடிக்கவேண்டும். தீவில் இன்றிரவு அவருக்குக் கடமை. வாருங்கள் தங்கச்சி, ஒலிவாங்கி உங்களுக்குத்தான்.