ஆபத்துக்கு முன்னரே ஆயத்தம்



காவடி சுமப்பவர் பல நாள் விரதத்தால் உடலையும் உள்ளத்தையும் பக்குவப்படுத்திய பின்னரே சன்னிதிக்குப் புறப்படுகிறார். ஆபத்தை எதிர்கொள்ளும் காவலருக்கு அத்தகைய பக்குவத்தை அளிப்பது பயிற்சியே.

2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, லிட்டில் இந்தியாவில் பேருந்தில் அடிபட்டு இந்தியத் தொழிலாளர் ஒருவர் மாண்டார். அவரைக் கைவிட்டுப் பேருந்து ஓட்டுநரையே மீட்புப் பணியாளர் காக்கின்றனர் என்ற தவறான எண்ணம் கூட்டத்தின் சினத்தை வளர்த்தது. கலவரம் மூண்டு, ஆம்புலன்ஸ் உள்ளிட்ட வாகனங்கள் தீக்கிரையாயின. எனினும் காவலர் எவரும் துப்பாக்கியால் சுடவில்லை. கலவரத்தில் ஓர் உயிரும் பறிபோகவில்லை.

முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை அளித்தது. முதலில் வந்து சேரும் காவலருக்கும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சியும் கருவிகளும் தேவை என்று அது பரிந்துரைத்தது. சிறப்புப் படை வரும்வரை நிலைமை அவர்கள் கையிலன்றோ உள்ளது! ஆயுதத் தாக்குதலை உடனே எதிர்கொள்ளப் பயிற்சி பெற்ற அவசரகால நடவடிக்கைக் குழுக்களும் 2016 முதல் அக்கம்பக்கக் காவல் நிலையங்களில் பணியாற்றத் தொடங்கின.

பயிற்சி காவலருக்கு மட்டும் உரியதன்று. பங்குனி உத்திரத் திருநாளில் அன்பர்கள் பெருந்திரளாகக் கூடும்போது, ஆம்புலன்சுக்கு வழி ஒதுக்குதல் தொண்டூழியர் கடமை. முதலுதவி கற்றல், காவலரை அழைக்க 999, ஆம்புலன்சையும் தீயணைப்பாளரையும் அழைக்க 995 எனச் சிறுவர்க்கும் சொல்லித் தருதல், வதந்திக்குச் செவிசாய்க்காதிருத்தல் ஆகியவை அனைவரின் கடமை. இவையும் இறைத்தொண்டே.

முருகன் திருவருள் யாவரையும் காப்பதாக!