தூரத்து வானொலிக்கு எந்த ஏரியல்?



குஜராத் மாநிலத்தில் சூரத் நகரம் இருக்கிறது. அங்கே விசைத்தறிக் கூடங்கள் ஏராளம். அந்தத் தறிகளை ஓட்டுபவர்களில் மிகப் பலர் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்துக்காரர்கள். பிழைப்புக்காக 1200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்தவர்கள். ஒரே அறையில் பலர் தங்குவார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுப்பார்.

கஞ்சாம் கடலோர மாவட்டம். புயல் அடிக்கடி வரும். 1999 அக்டோபரில் ஒடிசாவை இரண்டு புயல்கள் தாக்கின. முதல் புயல் கஞ்சாமின் கோபால்பூர் அருகே கரையேறியது. 29-ஆம் தேதி பாராதீப் அருகே வந்த பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் மறுபடியும் கோபால்பூர் பக்கமே வந்தது. இப்படிப்பட்ட இரவில் சூரத்தில் இருக்கும் தொழிலாளிக்குத் தூக்கம் வருமா? ஊருக்குப் போன் போட்டால் மணி அடிப்பதில்லை. சொந்த மொழியில் ஒரு செய்தி காதில் விழாதா என்று மனம் தவிக்கும்.

கட்டாக் வானொலி நிலையம் 1948-இல் தொடங்கியது. மத்திய அலையில் 972 கிலோஹெர்ட்ஸ் என்பது அதன் நெடுங்கால எண். சூரத்திலிருந்து அது சுமார் 1350 கிலோமீட்டர் தூரம். அவ்வளவு தூரத்துக் குரல் ஒரு சிறிய பெட்டியில் கேட்குமா? கேட்கலாம். ஆனால் பகலில் அல்ல.

பகலில் மத்திய அலை தரையை ஒட்டியே ஊர்ந்து போகும். சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். மேல்நோக்கிப் போகும் அலையை, வானத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓர் அடுக்கு விழுங்கிவிடும். அந்த அடுக்கை உண்டாக்குவது சூரிய ஒளி. பொழுது சாய்ந்தால் அந்த அடுக்கு மறைந்துபோகும். அப்போது அலை இன்னும் மேலே போய், அங்குள்ள வேறொரு அடுக்கில் பட்டு, வளைந்து தரைக்குத் திரும்பும். சுவரில் எறிந்த பந்து திரும்பி வருகிறதே, அதுபோல.

கட்டாக்கில் சூரியன் சூரத்தைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால் மறையும். ஆகவே சூரத்தில் இருட்டிய பிறகுதான் வழி முழுவதும் இருட்டாக இருக்கும். காலையில் இது தலைகீழ். சூரத்தில் இன்னும் விடியாத நேரத்திலேயே கட்டாக்கில் வெயில் ஏறிவிடும். குரல் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். பெட்டியில் பழுது என்று நினைத்து அதைத் தட்ட வேண்டாம்.

இப்போது ஏரியலுக்கு வருவோம். தூரத்து நிலையம் சரியாகக் கேட்காவிட்டால் பலரும் முதலில் செய்வது, பெட்டியின் மேலுள்ள குச்சியை நீளமாக இழுப்பது. பிறகு அதன் நுனியில் ஒரு கம்பியைச் சுற்றுவது. சாதாரணப் பெட்டிகளில் அந்தக் குச்சி பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலைக்கு அதை இழுத்தாலும் ஒன்றுதான், மடக்கினாலும் ஒன்றுதான். மத்திய அலைக்கான ஏரியல் பெட்டிக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. கறுப்பான ஒரு தண்டு. அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதற்குப் பெயர் ஃபெரைட் தண்டு.

இந்தத் தண்டுக்கு ஒரு குணம் உண்டு. அதன் பக்கவாட்டில் வரும் அலையை நன்றாக வாங்கும். நுனிக்கு நேராக வரும் அலையை வாங்காது. பெரும்பாலான பெட்டிகளில் தண்டு நீளவாட்டில் படுத்திருக்கும். எனவே பெட்டியின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்க்க வேண்டும். சூரத்திலிருந்து கட்டாக் ஏறக்குறைய நேர் கிழக்கு. சூரியன் உதிக்கும் பக்கம் பெட்டியின் முகத்தைத் திருப்பினால் போதும். தண்டு தானாகவே வடக்கு தெற்காக அமைந்துவிடும். காசு செலவில்லாத ஏரியல் இதுதான். வேறு எதையும் வாங்குமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

தண்டின் நுனி எதையும் வாங்காது என்றோம். அதுவும் உதவிதான். பக்கத்துக் கடையின் விளக்கோ, கைப்பேசி சார்ஜரோ, தறிக்கூடத்து மோட்டாரோ இரைச்சல் கிளப்பினால், தண்டின் நுனியை அந்த இரைச்சல் வரும் திசைக்குத் திருப்ப வேண்டும். இரைச்சல் அடங்கும். ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் மோதும்போதும் இதே வித்தைதான். நல்ல குரலைக் கூட்டுவதைவிடக் கெட்ட சத்தத்தைக் குறைப்பதுதான் பல நேரங்களில் பெரிய பலன் தரும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

இதற்குப் பிறகும் குரல் மெலிந்திருந்தால்? கான்கிரீட் அறையில் அலை உள்ளே வருவதே கடினம். ஜன்னலோரம் பெட்டியை வைக்கலாம். நீளக் கம்பி கட்ட அங்கே இடம் ஏது? அத்தகைய அறைக்கு ஏற்றது சட்டச் சுருள்.

இரண்டு மரச் சட்டங்களைச் சிலுவைபோல் அடித்துக்கொள்ள வேண்டும். அதன் நான்கு முனைகளைத் தொட்டு, பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் உள்ள சதுரமாக, உறையிட்ட மின்கம்பியை 12 அல்லது 13 சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றுகளுக்கு இடையே அரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கம்பி சுமார் 32 மீட்டர் பிடிக்கும். இரும்புச் சட்டம் ஆகாது. பழைய வால்வு ரேடியோவில் தகடுகள் உள்ளே போய் வெளியே வரும் கேங் கண்டென்சர் இருக்கும். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடைக்கும். கம்பியின் இரு முனைகளையும் அதில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. பேட்டரியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். சின்னப் பெட்டிகளில் இருக்கும் பிளாஸ்டிக் கண்டென்சர் போதாது. கீழ் எண்களை அது எட்டாது.

சட்டத்தின் விளிம்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும். சூரத் தொழிலாளிக்கு அது கிழக்கு மேற்காக நிற்கும். அதன் அருகே, வயர் எதையும் செருகாமல், பெட்டியைச் சும்மா வைத்தால் போதும். உள்ளே இருக்கும் தண்டு சட்டத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பெட்டியில் 972-ஐ வைத்துவிட்டு, கண்டென்சர் குமிழை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் குரல் திடீரென்று எழும்பும். அந்த இடம் மயிரிழை அளவுதான், அவசரப்பட்டால் தாண்டிப் போய்விடும். நிலையம் மாறினால் குமிழையும் மாற்ற வேண்டும்.

இன்றைக்குச் சூரத் தொழிலாளியிடம் கைப்பேசி இருக்கிறது. இணையம் வழியாகவும் வானொலி கேட்கலாம். உண்மைதான். ஆனால் புயலில் கோபுரம் சாய்வது சூரத்தில் அல்ல, அவருடைய வீடு இருக்கும் ஊரில். செய்தி அதிகம் தேவைப்படுவது அங்கே இருக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும்தான். ஆகவே விடுமுறைக்கு ஊர் போகும்போது பேட்டரியில் ஓடும் ஒரு மத்திய அலைப் பெட்டியைக் கொண்டுபோவது வீண் செலவல்ல.

ஊரில் நிலைமை வேறு. அங்கே இடம் உண்டு. இரண்டு மரங்களுக்கு இடையே 20, 30 மீட்டர் கம்பி கட்டலாம். கம்பியின் ஒரு முனையைக் கீழே கொண்டுவந்து, பெட்டியைச் சுற்றி மூன்று நான்கு சுற்று விட்டு, ஈரமண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் முடிக்க வேண்டும். மின்கம்பத்துப் பக்கமே போகக் கூடாது. மின்கம்பிக்கு மேலே வயரை எறிந்து உயிர் விட்டவர்கள் உண்டு. பிளக்கின் எர்த் துளையிலும் செருகக் கூடாது.

300 மீட்டர் கம்பி கட்டுகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். 972 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளமே சுமார் 309 மீட்டர். அந்த அளவு கம்பியை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நிலையத்தை நோக்கி நேராக இழுத்துக் கட்டுவார்கள். ஹரால்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கர் 1921-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அருமையாகக் கேட்கும். ஆனால் அது ஒரே திசைக்கு மட்டும் உதவும். குடியிருக்கும் ஊரில் யாருடைய வயலில் கட்டுவது? அது பொழுதுபோக்குக்காரர்களின் ஆசை.

கஞ்சாமுக்கு ஒரு வசதி உண்டு. கட்டாக்கும் கொல்கத்தாவும் வடகிழக்கே. விசாகப்பட்டினம் தென்மேற்கே. எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில். பெட்டியின் முகத்தை வடகிழக்கே வைத்தால் முதுகு தென்மேற்கைப் பார்க்கும். தண்டு இரண்டு பக்கமும் வாங்கும். ஒரு நிலையம் புயலில் ஓய்ந்தாலும், முள்ளை மட்டும் நகர்த்தி அடுத்ததைத் தேடலாம். நிலையங்களின் எண்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அந்தத் தாளைச் சரிபார்க்கவும் வேண்டும். மத்திய அலை நிலையங்கள் சில மூடப்பட்டுவிட்டன. 1988-இல் தொடங்கி, நாக்பூரிலிருந்து 1000 கிலோவாட் பலத்தில் இரவெல்லாம் ஒலித்த தேசிய அலைவரிசைகூட 2019-இல் நின்றுபோயிற்று.

இன்னொன்று. ஊரில் மின்சாரம் போனால் விளக்கு, மோட்டார், சார்ஜர் எல்லாம் நின்றுவிடும். அவற்றின் இரைச்சலும் நின்றுவிடும். புயலுக்கு அடுத்த இரவில் தூரத்து நிலையங்கள் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்கக் காரணம் இதுதான்.

ஆனால் காற்று ஏறும்போதே நீளக் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிவிட வேண்டும். மின்னல் அந்த வழியாக வீட்டுக்குள் இறங்கும். புயல் நேரத்தில் பெட்டிக்குள் இருக்கும் தண்டே போதும். இடி ஓய்ந்து, அறுந்த மின்கம்பி எதுவும் அருகில் கிடக்கவில்லை என்று பார்த்த பிறகு, மறுபடியும் கம்பியைக் கட்டலாம்.