ஊர்க்கணக்கும் பொருளியல் பட்டமும்



எங்கள் ஆசிரியர் நினைவாக நடைபெறும் இந்தச் சொற்பொழிவில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். நெல்லைச் சீமைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் படிக்கிற பிள்ளை, தன் ஊரைக் கணக்கெடுக்காமல் பட்டம் வாங்கக் கூடாது.

இதற்கு நம்மிடமே முன்னோடி உண்டு. 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரி முதல்வர். மாணவர்களின் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் எவ்வளவு, குத்தகையா வாரமா, பண்ணையாளுக்குக் கூலி நெல்லா காசா, கடனுக்கு வட்டி என்ன என்று அவர்கள் விசாரித்து எழுதினார்கள். அந்த எழுத்து 1918இல் நூலாயிற்று. இருவேல்பட்டு, வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்களோடு நம் கங்கைகொண்டானும் அதில் இருக்கிறது. பொருளியலாளர்கள் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அந்த ஊர்களை மறு ஆய்வு செய்யப் போனார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் போனது. இத்தனை ஆய்வுக்கும் கால்கோள் இட்டவர்கள் மாணவர்கள். இன்று கங்கைகொண்டானில் சிப்காட் தொழில் வளாகம் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு தன் தெருவில் நடந்தால் எவ்வளவு கேள்விகள் பிறக்கும்!

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் தோன்றிய பிறகு, வீட்டில் முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் பலர் பொருளியல் வகுப்புக்கு வந்தார்கள். அவர்களிடம் இருக்கும் அறிவை நாம் கேட்டு வாங்குவதில்லை. ஆலங்குளம், முக்கூடல் பக்கத்து மாணவியை எண்ணிப் பாருங்கள். மாலையில் பீடி சுற்றும் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுத்து வளர்ந்தவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடிக் கடையில் தந்த இலை போதாவிட்டால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். சரியில்லை என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி இல்லை. வாங்கிய கூலியில் இலைச்செலவைக் கழித்து, ஒதுக்கப்பட்ட பீடியைச் சுற்றிய நேரத்தையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று அவர் கணக்குப் போடட்டும். சொல்லப்படும் கூலிக்கும் கையில் மிஞ்சும் கூலிக்கும் உள்ள வேறுபாடு அன்றைக்கே புரியும். வேலை கொடுப்பவர் ஒருவரே இருக்கும் இடத்தில் கூலி ஏன் உயர மறுக்கிறது என்பதும் அவருக்கு வரைபடம் இல்லாமலே விளங்கும். பிறகு வரைபடத்தையும் ஆசையோடு போடுவார். சமநோக்கு வளைகோட்டைக் கைடு பார்த்து நெட்டுருப் போடும் பிள்ளைக்கு அந்த ஆசை எங்கிருந்து வரும்?

ஆசிரியர்களின் சிரமம் எனக்குத் தெரியும். பருவத் தேர்வு நெருக்குகிறது, கௌரவ விரிவுரையாளர்களின் சுமை பெரிது. ஆகவே புதிய தாள் கேட்கவில்லை. இறுதியாண்டுத் திட்டக்கட்டுரை ஏற்கெனவே இருக்கிற கல்லூரிகளில் அதையே ஊர்க்கணக்காக மாற்றலாம். கட்டுரையைத் தமிழில் எழுத விடுங்கள். வினாப்பட்டியல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியும். பெயர்களை மறைத்துவிட்டு, கட்டுரைகளை ஊர்வாரியாகத் துறை நூலகத்தில் அடுக்கி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே ஊரிலிருந்து வரும் மாணவர் முதலில் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.