வினவும் உள்ளமும் பரீட்சைப் பெறுபேறும்

 

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம் வீடுகள் பலவற்றில் காணும் காட்சி ஒன்றுண்டு. பாடக்குறிப்பை அப்படியே மனனம் செய்த பிள்ளை மெச்சப்படுகிறது. எதற்கும் "ஏன்?" என்று வினவிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் புள்ளி குறைந்தால், "இந்தக் கேள்விகள்தாம் உன்னைக் கெடுத்தன" என்று வாப்பா கடிந்துகொள்கிறார். அன்றே அப்பிள்ளையின் உள்ளம் மூடிக்கொள்கிறது. அக்கடிந்துரை நியாயமானதா?

1962ஆம் ஆண்டில் கெற்சல்ஸ், ஜாக்சன் எனும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டனர். நுண்ணறிவுப் பரீட்சையில் உயர்ந்து நின்ற மாணவரையும், ஆக்கத்திறனில் உயர்ந்து நின்ற மாணவரையும் அவர்கள் ஒப்பிட்டனர். பின்னவரின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 20 புள்ளிகளுக்கு மேல் குறைந்திருந்தது. எனினும், கல்வி அடைவில் இரு சாராரும் சமமாகவே விளங்கினர். ஆனால் ஆசிரியர்கள் அதிகம் விரும்பியதோ முன்னவரைத்தான்! 2017இல் 120 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்களும், ஆக்கத்திறன் கல்வி அடைவுக்குத் துணையாகவே செல்கிறது, ஆயினும் அத்தொடர்பு மிதமானதே என்று கண்டனர்.

ஆகவே, வினவும் பண்பு புள்ளியைக் கெடுப்பதன்று. அது மட்டுமே புள்ளியைத் தருவதுமன்று. பரீட்சை பெரும்பாலும் குறித்த நேரத்துள் ஒரு சரியான விடையைக் கேட்கிறது. ஆக்க உள்ளமோ பல விடைகளைத் தேடி அலைகிறது. ஆளுமைப் பண்புகளுள் பரீட்சைப் பெறுபேற்றோடு மிக நெருங்கியிருப்பது ஒழுங்கும் விடாமுயற்சியுமே என்பதும் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெளிவாகியுள்ளது.

இவ்விரண்டும் ஒருவரிடத்தே இணைய முடியுமா? பஸ்றாவில் பிறந்த இப்னுல் ஹைதமை நினைத்துப் பாருங்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதாலேயே பார்வை உண்டாகிறது என யூக்ளிட்டும் தொலமியும் கூறியதை, 11ஆம் நூற்றாண்டில் அவர் ஐயுற்றார். ஐயத்தோடு நின்றுவிடவில்லை. இருளறையில் சிறு துளையூடாக ஒளியைச் செலுத்திப் பொறுமையோடு பரிசோதித்தார். அவ்வுழைப்பின் பயன், ஒளியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றான 'கிதாபுல் மனாழிர்'. ஐயம் வழி திறந்தது. ஒழுங்கு அவ்வழியே அவரை நடத்திச் சென்றது.

பெற்றோர்களே! பெறுபேற்றுத் தாளைப் பார்ப்பதற்கு முன், பிள்ளையின் கேள்வியைச் செவிமடுங்கள். விடை தெரியாவிடின், "சேர்ந்து தேடுவோம்" என்று கூறுங்கள். இளைஞர்களே! "நான் ஆக்கத்திறன் உடையவன்" என்பதைச் சோம்பலுக்குப் போர்வையாக்காதீர்கள். மனத்தில் உதித்த கேள்வியைக் குறித்து வையுங்கள். அன்றைய பாடத்தை அன்றே முடித்துவிட்டு அதனைத் தேடிச் செல்லுங்கள்.

வினா விதை, உழைப்பு நீர். ஒன்றின்றி மற்றொன்று பயன் தராது.